அதே நாளில்தான்

வானொலி நிலையத்தில் எல்லோரும் அவரைக் காலண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ சொல்கிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? எந்த ராஜா என்றைக்கு முடிசூடினார், எந்த எரிமலை என்றைக்கு வெடித்தது, எல்லாம் விரல்நுனியில். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. சம்பந்தமே இல்லாத இரண்டு சம்பவங்களைப் பிடித்து, “அதே நாளில்தான்...” என்று இழுத்து, ஒரு கிண்டலால் முடிச்சுப் போடுவார். ஊரே அந்தக் கிண்டலுக்குத்தான் காது கொடுத்தது. மனிதருக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது.

ஒரு வாரத்துக்கு வேண்டியதை ஒரே மூச்சில் பதிவு செய்துவிடுவது அவர் பழக்கம். உதவியாளர் எழுதித் தந்த குறிப்புகளைச் சீட்டுக்கட்டு மாதிரித் தள்ளிக்கொண்டே போவார். எந்தத் தேதியில் எதைச் சொன்னோம் என்பது மைக்கை விட்டு எழுந்ததும் மறந்துவிடும்.

அன்று காலை அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். அத்தான் இறந்த பிறகு பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தே பிழைத்தவள் அக்கா. மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ரேடியோ பாடும். நிகழ்ச்சி ஆரம்பித்தது. டீயை உறிஞ்சியபடி இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சும்மா இருடா. என் தம்பி பேசறான்” என்றாள் அக்கா, எதிரில் இருந்த தம்பியிடமே.

ரேடியோவில் முதலில் ஒரு நீச்சல் வீரர் கடலை நீந்திக் கடந்தார். பிறகு அந்தக் குரல் இழுத்தது: “அதே நாளில்தான், பல வருஷம் கழிச்சு, துறைமுகத்துல பயணிகள் படகு கவிழ்ந்து நாற்பது பேர் மூழ்கினாங்க. என்ன பண்றது நேயர்களே, டிக்கெட் வாங்கினவங்க கையோட கொஞ்சம் நீச்சலும் கத்துக்கிட்டு ஏறியிருக்கலாம்.” பின்னாலேயே, பதிவு செய்து வைத்திருந்த சிரிப்பொலி.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் படகில்தான் அத்தான் போனார். வீட்டில் அதை யாரும் படகு விபத்து என்று சொன்னதில்லை. ‘அந்த வெள்ளிக்கிழமை’ என்பார்கள், அவ்வளவுதான். தேதியை வாய்விட்டுச் சொல்லக்கூட யாருக்கும் மனசு வராது. உலகத்துத் தேதிகளையெல்லாம் மனப்பாடம் செய்தவருக்கு, குறிப்பில் ஒற்றை வரியாக வந்தது சொந்த வீட்டுச் சாவு என்று உறைக்கவில்லை. ரேடியோவை அணைக்கக் கை நீண்டது.

“இருக்கட்டும்” என்றாள் அக்கா. மெஷின் நின்றிருந்தது. நிகழ்ச்சி முடியும்வரை கேட்டாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்: “அதுல ஒரு தப்பு இருக்குடா. அவருக்கு நல்லா நீந்த வரும். கரைக்கு வந்துட்டு, திரும்ப மத்தவங்களைத் தூக்கப் போனாரு. மூணாவது தடவை போனவர்தான் வரல. உனக்கு நீச்சல் கத்துக்கொடுத்ததே அவர்தானே.”

ஆமாம், அவர்தான். மூக்கில் தண்ணீர் ஏறி இவர் அலறும்போதெல்லாம் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கியவர். காலண்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த நாக்குதான் இத்தனை காலமும் அவருக்குச் சோறு போட்டது. “அக்கா, நான் வந்து...” என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நிலையத்தில் அதற்குள் பாராட்டு. “நீச்சல் ஜோக் பிரமாதம் சார், ஃபோன் ஓயல” என்றார் நிலைய மேலாளர். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே நிகழ்ச்சி மறுஒலிபரப்பு. அதை நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மூழ்கினவர் எங்கள் அத்தான், கிண்டலடித்தவன் நான் என்றா? வெட்கத்தில் உடம்பு கூசியது.

“பதிவுல ஏதோ இரைச்சல் இருக்கு சார். சாயங்காலம் வேண்டாம், பாட்டு போட்டுடலாம்” என்றார்.

மேலாளர் உச்சுக்கொட்டிவிட்டுத் தலையாட்டினார். காலண்டருக்கு மூச்சு வந்தது. இனி அந்தக் கிண்டல் யார் காதிலும் விழாது, அக்காவுக்குச் செய்ய முடிந்தது இதுதான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். ஆறு மணிக்கு ஒழுங்காகப் பாட்டு ஓடியது.

ஆறரைக்கு அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

“என்னடா, பாட்டு போட்டுட்டாங்க?”

“நான்தான்க்கா நிறுத்தச் சொன்னேன். உனக்காகத்தான்.”



“எனக்காகவா? சாயங்காலம் நீ அதைத் திருத்திச் சொல்லுவேன்னு நெனச்சேன்டா” என்றாள் அக்கா. “பக்கத்து வீட்டுக்காரங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சிருந்தேன்.”