தலையீற்றுக்குத் தனித் தொட்டி

பேத்தியின் முகத்தைப் பார்க்கத்தான் சமையல்காரம்மா பஸ் ஏறி வந்தாள். ஆஸ்பத்திரி சமையல்கட்டில் லீவு கேட்டுக் கேட்டு, குழந்தை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. வந்து இறங்கியவளை மாப்பிள்ளை நேராக மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் மாடுகளைப் பார்த்தாக வேண்டும். மனிதர்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கொட்டகையைச் சும்மா சொல்லக்கூடாது, கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்கள். ஈ கூட அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரும் போலிருந்தது. நீளத் தொட்டியில் நறுக்கிய பசும்புல்லும் வைக்கோலும் கலந்து கிடந்தன. பெரிய பெரிய மாடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தின்றன. ஓரமாகக் கம்பி அடைத்த தனி இடத்தில், ஒரு கால் மட்டும் வெள்ளையாக இருந்த இளம் மாடு ஒன்று, எந்த அவசரமும் இல்லாமல் தன் தொட்டியில் தலையை விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்திலேயே வாளி நிறையத் தண்ணீர்.

"இது வெள்ளைக்கால், அத்தை. தலையீத்து. இப்பத்தான் முதல் கன்னு போட்டிருக்கு" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு வாயெல்லாம் பல். "பெரிய மாடுங்களோட கட்டினா அதுங்க முட்டித் தள்ளிட்டு எல்லாத்தையும் தின்னுடும். இது ஒதுங்கி நின்னு மிச்சம் மீதியத்தான் நக்கும். அதனால இதுக்குத் தனித் தொட்டி. எல்லாத்துக்கும் முன்னாடி இதுக்குத்தான் தீவனம்."

"அப்படி என்ன சலுகை இந்த மகாராணிக்கு?"

"சலுகை இல்ல அத்தை, கணக்கு. இது இன்னும் வளர்ற உடம்பு. தானும் வளரணும், பாலும் கொடுக்கணும். வயித்துக்குப் போடாம கறந்தா தன் உடம்பையே கரைச்சுப் பாலாக் கொடுக்கும். கொஞ்ச நாள்தான். அப்புறம் மடி வத்திடும். வத்தினப்புறம் மாட்டைத் திட்டி என்ன பண்றது? தப்பு தொட்டியில இருக்கு."

புண்ணாக்கை எப்படி ஊற வைப்பது, கன்று போட்டதும் ஒரேயடியாகக் கொட்டாமல் தவிட்டையும் தானியத்தையும் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, தாது உப்பு எதற்கு என்று அவர் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினார். சமையல்காரம்மாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வாயில்லா ஜீவனுக்கே இத்தனை பார்க்கிறவன் என் பெண்ணை எப்படிப் பார்ப்பான் என்று மனசு குளிர்ந்து போய் வீட்டுக்குள் நுழைந்தாள்.

குளிர்ந்த மனசு மகளைப் பார்த்ததும் கொதித்தது.

பின்னறையில் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள் மகள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருந்தாள். மடியில் குழந்தை மார்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, வீறிட்டு அழுதது. அம்மாவைக் கண்டதும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

"பால் பத்தலம்மா. நாளைலேருந்து டப்பா பால் கொடுத்துடலாம்னு மாமா சொல்லிட்டார். என் உடம்பு வாகே அப்படித்தான்னு அத்தை சொல்றாங்க. எனக்கு நானே கொடுக்கணும்னு ஆசையா இருக்கும்மா."

"நீ சாப்பிட்டியா?"

"இனிமேதான்."

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. "காலையில?"

மகள் சுவரைப் பார்த்தாள். கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாக வந்தது. அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. கொட்டகை வேலையை முடித்து வந்தவர்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். புல் அறுத்தவர், பால் கறந்தவர், சாணி அள்ளியவர், ஆணோ பெண்ணோ, அதில் பேதம் கிடையாது. கொட்டகைக்குப் போகாதவர்கள் கடைசி. நிறைமாதம் வரைக்கும் தீவனம் கலந்தவள் மகள்தான். அதுவரைக்கும் அவளும் முதல் பந்தியில்தான் இருந்தாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து கொட்டகைப் பக்கம் போகவில்லை, கடைசிக்குப் போய்விட்டாள். அவள் உட்காரும்போது குழந்தை அழும். எழுந்து போய்த் திரும்பினால் சட்டி காய்ந்திருக்கும்.

யாரும் அவளைப் பட்டினி போடவில்லையாம். மிச்சம் இருந்தால் அவளுக்குத்தானாம். அதுதான் சமையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கொடுமைக்காரர்கள் என்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகலாம். இவர்கள் நல்லவர்கள். நல்லவர்களாக இருந்துகொண்டே ஒரு பச்சை உடம்புக்காரியை எலும்பாக்கி வைத்திருக்கிறார்கள். பகலும் ராத்திரியும் பால் கொடுப்பது இந்த வீட்டில் மாடு செய்தால் வேலை, பெண் செய்தால் சும்மா உட்கார்ந்திருப்பது. என்ன நியாயம் இது?

முன்னறையில் தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. பெரியவர், அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை. சம்பந்தியம்மாவும் கொட்டகையிலிருந்து அப்போதுதான் வந்து, தட்டுக்கு ஒரு முட்டை வைத்துவிட்டுச் சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.

"அதை இப்படிக் கொடுங்க சம்பந்தி. எனக்குக் கை சும்மா இருக்காது" என்று சமையல்காரம்மா கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அண்டாக் கணக்கில் பரிமாறிய கை அது. வேறொரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள், முட்டையை வைத்தாள். நிறைந்த தட்டை ஏந்திக்கொண்டு எல்லோரையும் தாண்டிப் போய், பின்னறை வாசலில் குழந்தையோடு நின்ற மகள் கையில் கொடுத்தாள். குழந்தையைத் தன் தோளில் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"உக்காந்து சாப்பிடுடி."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க ஒரு முறை இருக்கு. பாடுபட்டு வந்தவங்க மொதல்ல. காய்ச்சல்ல கிடந்தப்ப நான்கூட கடைசியிலதான் சாப்பிட்டேன்."

"நல்ல முறை. அப்ப சாயங்காலம் ஒரு காரியம் பண்ணுங்க. அந்த வெள்ளைக்காலை அவுத்துப் பெரிய மாடுங்களோட கட்டுங்க. அதுங்க தின்னு முடிச்ச மிச்சத்தை அது தின்னட்டும். அது என்ன புல் அறுக்குதா, சாணி அள்ளுதா? சும்மாதானே நிக்குது."

மாப்பிள்ளை பதறிப்போனார். "அய்யோ அத்தை, ஒரே வாரத்துல பால் இறங்கிடும். அப்புறம் என்னத்தக் கொட்டினாலும் பழையபடி ஏறாது. மாட்டைச் சொல்லிக் குத்தமில்ல, நாமதான் அதுக்குத் தின்ன..."

பாதியில் நிறுத்தி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சமையல்காரம்மாவின் தோளில் குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது.

பெரியவர்தான் சமாளிக்கப் பார்த்தார். "மாடும் மனுஷியும் ஒண்ணா, சம்பந்தி?"

"ஒண்ணு இல்லதான்" என்றாள் சமையல்காரம்மா. "ஒண்ணா நெனச்சிருந்தீங்கன்னா என் பொண்ணு இந்நேரம் தேறியிருப்பா."

சம்பந்தியம்மா மருமகளின் கன்னத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் மட்டும் சாப்பிட்டாள். தலையைத் தூக்காமல், பிடிபிடியாக அள்ளிச் சாப்பிட்டாள். பாதித் தட்டு காலியான பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தனித் தொட்டிய வைக்கச் சொன்னதே நான்தான். வெள்ளைக்கால் ஒதுங்கி ஒதுங்கி நிக்குதேன்னு வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து உங்ககிட்ட சொன்னேன். உடனே கம்பி வாங்கிட்டு வந்தீங்க." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "நான் ஒதுங்கி நின்னது மட்டும் உங்க கண்ணுல படலையா?"

மாப்பிள்ளை தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைக்கக் கையை நீட்டினார். அவள் தன் தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"உங்க தட்டிலேருந்து வேண்டாம். சட்டியிலேருந்து போடுங்க. நாளைக்கும்."

அவர் எழுந்து கரண்டியை எடுத்தார்.