பேசிக்கொண்டே நடக்கும் வேகம்

ருவாண்டா முழுவதிலும் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான். அடக்கத்துடன்தான் சொல்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு கிகாலியில் கார்களை நிறுத்திவிட்டு ஊரே தெருவில் ஓடும். மூன்று வருடத்தில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டதில்லை. கல்லூரிச் சுவரிதழில் ‘உடம்பின் கேள்வி, ஷேமாவின் பதில்’ என்று வாரந்தோறும் எழுதினேன். உடம்பு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

என் அண்ணன் கயிரங்கா நூற்றுப் பதினாறு கிலோ. அண்ணி உமுதோனிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, அண்ணனுடையது பொருந்தியது. இரண்டு மாதத்தில் அறுவை சிகிச்சை. அதற்குள் தொண்ணூற்றெட்டுக்கு வந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார் டாக்டர். நாள் முழுக்க எண்ணூறு கலோரிதான்: நாலு பொட்டலம் மாவுக் கரைசல், கொஞ்சம் வெள்ளரிக்காய். வாழைக்காய்க் குழம்பு, ஆட்டுக்கறி எல்லாம் கண்ணால் பார்ப்பதோடு சரி.

“நடங்க. ஓடவே கூடாது. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு நின்னா நீங்களும் நின்னுடணும்” என்றார் டாக்டர்.

அண்ணன் அப்படியே நடந்தார். நான் பத்தியில் எழுதினேன்: ‘எங்கள் தெருவில் தினமும் ஒரு சவ ஊர்வலம். பிணமே நடந்து போகிறது.’ கல்லூரி விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணனும் சிரித்தார். ஏழு வாரத்தில் பதினாலு கிலோ குறைந்திருந்தார். பாக்கி நாலு, நாள் பன்னிரண்டு.

அந்த ஞாயிறு கிமிஹுருரா மேட்டில் ஒலிபெருக்கி அலற, பாட்டிகள்கூட எங்களைத் தாண்டி ஓடினார்கள்.

“ண்ணா, வெறும் வயித்துல ஓடினா உடம்பு கொழுப்பையே தின்னும். அறிவியல்.”

“டாக்டர் வேணாம்னாருடா.”

“டாக்டர் தொப்பையப் பாத்தியா? இந்த வேகத்துல போனா அண்ணிக்குக் கிட்னிய உன் பேரன்தான் கொண்டுபோய்க் குடுப்பான்.”

பக்கத்தில் ஓடியவர்கள் சிரித்தார்கள். இந்த முறை அண்ணன் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்தார். ஓடினார்.

“அப்படிப் போடு!” என்று கைதட்டினேன். மேட்டின் பாதி வரை கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன். முகம் சாம்பல் நிறமாகி, கால் மடங்கி, அவர் நடைபாதை விளிம்பில் விழுந்தபோதும் என் கைகள் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் நின்றன.

மணிக்கட்டு முறிந்தது. இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது என்று டாக்டர் பட்டினியை நிறுத்தினார். அறுவை சிகிச்சை நாள் வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. அதுவரை அண்ணி வாரத்துக்கு மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். எத்தனை முறை என்று கணக்குப் போட எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டேன்.

நான் ஓடச் சொன்னதை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. கல் தடுக்கியது என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள்.

“நீ சாப்டியா ஷேமா?”

அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

ஏழு வாரம் கழித்து அண்ணன் மறுபடி பொட்டலத்தைப் பிரித்தார். எடை நூற்று எட்டு. கார்கள் ஓடாத ஞாயிறு வந்தது. அதே மேட்டில் அவர் பக்கத்தில் நான் நடந்தேன்.

எங்கள் கல்லூரிப் பையன்கள் இருவர் தாண்டி ஓடினார்கள். “டேய், சவ ஊர்வலம்! இன்னைக்கு ரெண்டு பொணம்!”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரமாக அவர் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“ண்ணா, நேத்து ராத்திரி என்ன கனவு கண்ட?”

“ஆட்டுக்கறி...” மூச்சு வாங்கியது. “கம்பில குத்தி... சுட்டது.”

“எத்தனை கம்பி?”

பதில் வரவில்லை. நான் நின்றேன். அவரும் நின்றார். பாட்டிகள் எங்களைத் தாண்டி ஓடினார்கள்.

“ஆறு” என்றார் கடைசியில். அதன் பிறகுதான் நடந்தோம்.