சமமாத்தான் நிக்கிறேன்

டிப்போவில் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். தனக்குக் கழுத்து நீளம், அதனால் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து அவளும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவளுக்குப் பட்டப்பெயர் இல்லாமலிருந்தால்தான் அதிசயம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, இடது கணுக்கால் நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது. மூட்டு மட்டும் வருடா வருடம் தேய்ந்து, ஒரு பக்கம் கரைந்தே போய்விட்டது. வலிக்கிறதா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள். பக்கத்து வீட்டில் நாள் முழுக்க ஓடுகிற மோட்டார் மாதிரி அது அவளுக்குப் பழகியிருந்தது.

நிர்வாகம் மருத்துவ விடுப்பு கொடுத்திருந்தது. முடிகிற அன்று அதிகாரி ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நிரந்தரமாக டிக்கெட் கவுண்டர்.

செயற்கை மூட்டு வைக்கலாம் என்று சொன்ன டாக்டர், இரண்டு வழி இருக்கிறது என்றும் முதலிலேயே சொல்லியிருந்தார்.

“ஸ்டாண்டர்ட் மூட்டுன்னா ஆறு அளவு இருக்கு. அதுல ஒண்ணை எடுத்து, உங்க எலும்பை அதுக்கு ஏத்த மாதிரி வெட்டுவோம். இல்லன்னா ஸ்கேன் எடுத்து உங்களுக்குன்னே செய்யச் சொல்லலாம். எட்டு வாரம் ஆகும். ஆனா எலும்பைக் கொஞ்சமா வெட்டினாப் போதும்.”

“தச்சே போட்டுக்கலாம் டாக்டர்,” என்றாள் கூட வந்த தங்கை. “இவளுக்கு ரெடிமேட் எதுவும் ஒட்டாது. கல்யாணமே ஒட்டல.”

டாக்டர் சிரிக்கலாமா கூடாதா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

எட்டு வாரம் கழிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மூட்டு வந்திருந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன். டாக்டர் சீல் வைத்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, கூட வந்திருந்த பிளாஸ்டிக் எலும்பை அவள் கையில் கொடுத்தார். ஸ்கேனில் தெரிந்தபடியே அச்சு எடுத்த அவளுடைய கணுக்கால். தங்கை அதைத் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் புரட்டிப் பார்த்தாள். சீப்பு கனம்கூட இல்லை. தேய்ந்த பக்கத்தில் ஒரு குழி. விரலை வைத்தால் சரியாக உட்கார்ந்தது. என்னமோ தோன்ற வேண்டும் என்று காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. மேசையில் வைத்துவிட்டாள்.

பிறகு அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். அங்கே பிசியோ பெண் இரண்டு எடை மெஷின்களை ஒட்டிப் போட்டு வைத்திருந்தாள்.

“ஒவ்வொரு கால்ல எவ்வளவு பாரம் போடறீங்கன்னு எழுதி வச்சுக்கணும். ஒவ்வொண்ணுல ஒரு கால். சமமா நில்லுங்க.”

வலது மெஷினில் ஐம்பத்தொன்று. இடதில் பதின்மூன்று.

“சமமா நில்லுங்க.”

“சமமாத்தான் நிக்கிறேன்.”

பிசியோ மெஷின்களை இடம் மாற்றிப் போட்டாள். வலது காலின் கீழே அப்போதும் ஐம்பத்தொன்றுதான். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்துதான் இருந்தன. உடம்பு நடுவில்தான் இருந்தது. அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

“டிப்போவுல உன்னை ஏன் கொக்குன்னு கூப்பிடறாங்கன்னு நினைச்சே?” என்றாள் தங்கை.

“கழுத்து நீளம்னு.”

“உனக்கா? உன் கழுத்து எங்க இருக்குன்னு சட்டை போடும்போது தேடணும்.”

பிசியோ சிரிக்கவில்லை. வெளியே போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “நிக்க வச்சு ஸ்கேன் எடுத்தாங்களே, அப்பவும் இப்படித்தான் நின்னீங்களா?”

“சமமா நிக்கச் சொன்னாங்க. நின்னேன்.”

பிசியோ அவள் இடுப்பைப் பிடித்து இடது பக்கம் தள்ளி, மெஷின் முப்பதைத் தொடும்வரை அழுத்திக்கொண்டிருக்க, அப்படியே ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலி வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிற, பெயர் மறந்துபோன ஒரு சொந்தக்காரர் மாதிரி வந்தது.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “எலும்போட வடிவம் மாறல. ஆனா பாரம் ஏறினா உங்க பாதம் ஏழு டிகிரி உள்பக்கம் சாயுது. ஸ்கேன்ல பாரமே ஏறல, அதனால சாய்வு தெரியல. பாதம் நேரா இருக்குன்னு நம்பித்தான் இதைச் செஞ்சிருக்காங்க. தப்பு எங்களுது. நீங்க நின்னதை நாங்க பார்த்திருக்கணும்.”

“அப்ப இந்தப் பெட்டியில இருக்கிறது?” என்றாள் தங்கை.

“வேற யாருக்கும் ஆகாது.”

“இவளுக்கே ஆகலையே.”

“திரும்ப ஸ்கேன் எடுத்து, புதுசாச் செய்யலாம். மறுபடி எட்டு வாரம். இல்லன்னா வியாழக்கிழமையே ஸ்டாண்டர்ட் வைக்கலாம். சாய்வை மேசையிலேயே பார்த்துச் சரி பண்ணிடுவேன். ஆனா எலும்பு அதிகமாப் போகும். பின்னால ஒருநாள் மூட்டை மாத்தணும்னா, பிடிமானத்துக்கு எலும்பு குறைவா இருக்கும்.”

“எதுல க்ளட்ச் மிதிக்கலாம்?”

“ரெண்டுலயும். ஆபரேஷனுக்கு அப்புறம் நாலு மாசம் ஆகும்.”

அவள் கணக்குப் போட்டாள். எட்டு வாரமும் நாலு மாதமும் ஆறு மாதம். விடுப்பு முடிய நாலரை மாதம்தான் இருந்தது. தாழ்வாரத்துக்கு வந்து டிப்போ மேனேஜருக்குப் போன் செய்து, தேர்வைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள்.

“என் கையில இல்லக்கா,” என்றார் அவர். “கவுண்டரும் நல்ல வேலைதான். ஃபேன் இருக்கு.”

அந்த மின்விசிறியைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். கவுண்டரில் வருகிறவர்கள் எல்லோரும் முகத்துக்கு நேராக நின்று பேசுவார்கள். பேருந்தில் எல்லோரும் அவளுக்குப் பின்னால் இருந்தார்கள். முன்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் தெரு. புருஷன் போன பிறகும் அவள் உருப்படியாக இருந்தது அந்த இருக்கையில் மட்டும்தான்.

“காத்திரு,” என்றாள் தங்கை. “இருக்கிற எலும்பையும் வெட்டிட்டா அப்புறம் எதுல வைப்பாங்க?”

“அதுக்குள்ள ரிட்டையர் ஆயிடுவேன்.”

“ரிட்டையர் ஆனா நடக்க வேணாமா?”

அவள் போனைப் பையில் போட்டாள். உள்ளே போய், “வியாழக்கிழமையே வச்சிடுங்க,” என்றாள். தங்கை அன்று வீடு போகும்வரை வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்து முதல் தடவை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணி மறைத்தது. விழித்தபடியே கிடந்தாள். அந்தப் பக்கத்தில் ரம்பம் ஓடி நின்றது.

“மூணு குடுங்க,” என்றது டாக்டரின் குரல். ஏதோ தட்டினார்கள். அது காலில் தெரியாமல் பல்லில் தெரிந்தது. “ஆடுது. நாலு குடுங்க.”

மறுபடி தட்டினார்கள்.

“நாலு உட்கார்ந்துடுச்சு.”

நாலு என்று அவளும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஊரில் எத்தனை பேர் இந்த நாலாம் நம்பரை வைத்துக்கொண்டு நடக்கிறார்களோ.

கட்டுப் பிரித்த பிறகு வாரம் மூன்று நாள் பிசியோவிடம் போனாள். இரண்டு மெஷின்மேல் நிற்பதுதான் முதல் பாடம். முப்பத்திரண்டும் முப்பத்திரண்டும் வந்தபோது, இடது பக்கம் சரிந்து விழப்போவது மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்தாள்.

“விழலை,” என்றாள் பிசியோ. “இதுதான் நேரா நிக்கிறது.”

தேர்வு அன்று காலை, காலிப் பேருந்தில் அதிகாரி முன் இருக்கையில் உட்கார்ந்தார். மடியில் அட்டை, அட்டையில் காகிதம். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதி வழியில் நிறுத்தச் சொன்னார்.

“இப்ப எடுங்க. வண்டி பின்னால போகக் கூடாது.”

ஆறு வருடப் பழக்கம். இடுப்பிலிருந்து முழுக்காலையும் ஒரு கட்டை மாதிரி க்ளட்ச்சில் இறக்கி, அப்படியே தூக்கினாள். பேருந்து ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அதிகாரி காகிதத்தில் எதையோ எழுதினார்.

“இன்னொரு தடவை. அவ்வளவுதான்.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் குதிகாலைத் தரையில் ஊன்றினாள். பாதத்தை மட்டும் மேலே விட்டாள், கொஞ்சம் கொஞ்சமாக. இப்படி ஒரு அசைவு இருப்பதே உடம்புக்கு மறந்துபோயிருந்தது. உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. வலி என்று சொல்ல முடியாது. எஞ்சின் சத்தம் கனத்தது, பேருந்து ஒருமுறை நடுங்கி, பின்னால் ஒரு சாண்கூடப் போகாமல் மேலே ஏறியது.

அதிகாரி ஒரு கோடு இழுத்து, கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது கேட்டார்.

“கால் எப்படி இருக்கு?”

“இருக்கு,” என்றாள் அவள்.

“சரி. டிப்போவுக்கு விடுங்க. நாளைக்கு முதல் ட்ரிப் உங்களுக்குத்தான்.”

அவள் அடுத்த கியரைப் போட்டாள்.