துப்பச் சொன்ன டீச்சர்

துஷாராவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது மாத்தளையில் அவள் படிப்பித்த பாடசாலை முழுவதற்கும் தெரியும். உக்குவளையிலிருந்து காலை பஸ்ஸில் நெரிசல்பட்டு வந்து இறங்கும்போதே, கொண்டக்டரோடு ஒரு சண்டையை முடித்துக்கொண்டுதான் இறங்குவாள். ஆனால் விஞ்ஞானம் படிப்பிக்க அவளை விட்டால் ஆள் இல்லை என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். கரும்பலகையில் குடலை வளைத்து வளைத்து வரைந்து, நாலு அம்புக்குறி போட்டுவிட்டால் சமிபாடு முடிந்தது என்று நினைக்கும் ஆசிரியர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

அன்று தரம் எட்டுக்கு அவள் எடுத்த பாடம், சாப்பாடு வாயிலேயே சமிபாடடையத் தொடங்கிவிடுகிறது என்பது. சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். கஞ்சியில் இருப்பது மாப்பொருள். அதில் ஒரு சொட்டு அயடீன் விட்டால் கருநீலமாகிவிடும். ஆனால் கஞ்சியோடு உமிழ்நீரைக் கலந்து, கொஞ்ச நேரம் இளஞ்சூட்டில் வைத்தால், உமிழ்நீரில் இருக்கும் நொதியம் மாப்பொருளை உடைத்து இனிப்பான ஒருவகை வெல்லமாக்கிவிடும். பிறகு அயடீன் விட்டாலும் அந்த நீலம் வராது. சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்குவது இதனால்தான் என்று விளக்கிவிட்டு, யார் உமிழ்நீர் தருகிறீர்கள் என்று கேட்டாள்.

வகுப்பு வாயை இறுக மூடிக்கொண்டது. பையன்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். நாள் முழுக்க எல்லோரும் விழுங்கிக்கொண்டிருப்பது அதைத்தானே, இதில் என்ன வெட்கம் என்று துஷாரா சீறினாள். அப்போது விதுஷா எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. அவளுடைய அப்பா நகரத்துக் குப்பை அள்ளும் டிராக்டரில் வேலை செய்பவர். வெளியே குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்து வந்து, சோதனைக் குழாயில் துப்பிக் கொடுத்தாள்.

பரிசோதனை அச்சுப் பிசகாமல் வந்தது. வெறும் கஞ்சி இருந்த குழாய் கருநீலமானது. விதுஷாவின் குழாயில் அயடீனின் மஞ்சள் கபில நிறம் அப்படியே நின்றது. துஷாரா பூரித்துப் போய், எல்லோரும் கிட்டத்தில் பார்க்கட்டும் என்று அந்தக் குழாயை முன்வாங்கில் இருந்த ரமணனிடம் கொடுத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், "குப்பை டிராக்டர் எச்சில்டா" என்றது.

ரமணன் சிரித்தான். குழாய் கீழே விழுந்து நொறுங்கியது. கை நழுவியதா, நழுவ விட்டானா என்பது அவனுக்கே தெரியுமோ என்னவோ. துஷாரா கண்டது அந்தச் சிரிப்பை மட்டும்தான். கண்ணாடித் துண்டுகளைத் தும்புத்தடியால் தானே கூட்டி ஒதுக்கிவிட்டு, ஒரு துணியை அவன் கையில் திணித்து, முழங்காலிட்டுத் தரையைத் துடைக்க வைத்தாள். பின்னால் பேசியது யார் என்று அவள் கேட்கவில்லை. விதுஷா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பார்க்கவும் அவளுக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் காலை, ரமணனின் அப்பா அழகர்சாமி அதிபரின் அறையில் காத்திருந்தார். பிரதான வீதியில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடைக்காரர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். ஆய்வுகூடத்துத் தண்ணீர்த் தாங்கி அவர் செலவில் வந்தது. அதிபர் ஜெயக்காந்தன் அவருக்கு எதிரே, வழக்குக்கு வந்தவர் போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் யாரையும் குறைச்சுச் சொல்லல்ல டீச்சர். சுத்தத்தைத்தான் சொல்றேன்," என்றார் அழகர்சாமி. "ஒருத்தர் எச்சிலை இன்னொருத்தர் கையில குடுக்கிறதும், அதை முழங்கால் போட்டுத் துடைக்க வைக்கிறதும் என்ன படிப்பு?"

அதில் பாதி நியாயம் இருந்தது. கையுறை இல்லாமல் குழாயைச் சுற்றுக்கு விட்டிருக்கக் கூடாது என்று துஷாராவுக்கும் இரவே தோன்றியிருந்தது. எதிரியின் பக்கம் நியாயம் கொஞ்சம் இருப்பதைப் போல் அவளைச் சூடேற்றும் விஷயம் வேறு இல்லை.

"எச்சில்தான் பிரச்சினைன்னா சரி," என்றாள். "அந்தக் குழாயில இருந்தது உங்க சொந்தக்காரப் புள்ளையோட எச்சில்னா, இப்படிக் காலையிலேயே கடையை விட்டுட்டு வந்திருப்பீங்களா?"

அழகர்சாமியின் முகம் இறுகியது. "வாயை அளந்து பேசுங்க. நீங்க இங்க நேத்து வந்தவங்க."

"நாளைக்கும் வருவேன்."

அதிபர் இருமினார். கடை முதலாளியைச் சமாதானப்படுத்தி வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்து, தவணை முடியும்வரை செய்முறையே வேண்டாம் என்றார். படம் வரைந்து படிப்பித்தால் போதுமாம், பரீட்சைக்கும் படம்தான் வருமாம். அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குத் தனி மேசையில் வைத்தால் பேச்சு அடங்கிவிடும் என்றும் ஒரு யோசனை சொன்னார். துஷாரா கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள்.

தனி மேசைக்குத் தேவையே வரவில்லை. விதுஷா அதன்பிறகு பாடசாலைப் பக்கமே வரவில்லை. சில நாள் பார்த்துவிட்டு, ஒரு பின்னேரம் துஷாரா நகரத்தின் கடைசியில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தேடிக்கொண்டு போனாள். போகும் வழியெல்லாம், தான் அந்தப் பிள்ளைக்காக யார் யாரோடு முட்டிக்கொண்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனாள். இரண்டு நல்ல வார்த்தையாவது கிடைக்கும் என்று மனதின் மூலையில் ஓர் எதிர்பார்ப்பும் இருந்தது.

விதுஷாவின் அம்மா கமலாட்சி கதவுநிலையை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"எம் மகளை என்னத்துக்கு டீச்சர் முதல்ல துப்ப வச்சீங்க?"

அவளாகத்தான் எழுந்து வந்தாள் என்றாள் துஷாரா.

"அவ வருவா. யாரும் செய்யமாட்டோம்னு நிக்கிற வேலைக்கு எங்க ஆளுங்கதானே வரணும். அது அவளுக்கே பழகிப் போச்சு. உங்களுக்குத் தெரிய வேணாமா?"

முதலாளியை எதிர்த்துப் பேசியது தான் ஒருத்திதான் என்று துஷாரா குரலை உயர்த்தினாள். கமலாட்சி அதைவிட உயர்த்தினாள். "நீங்க பேசிட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க. கடைத்தெருவுல இப்ப எம் புள்ளையோட எச்சில்தான் கதை. அவ அப்பா அந்த முதலாளி கடை வாசல்லதான் தினமும் குப்பை அள்ளுறாரு. நீங்க சண்டை போட எம் புள்ளையா கெடைச்சா?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் விதுஷாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் வெளியே வரவில்லை. துஷாரா முகம் எரிய எரிய பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அழகர்சாமி பேசியதெல்லாம் அவளுக்குத் தோலில்தான் பட்டது. இது உள்ளே இறங்கியது. எல்லோரும் வாய்மூடி நின்றபோது அந்தப் பிள்ளை எழுந்ததும் தனக்கு வந்தது ஆறுதல்தான் என்பதையும், வேறு ஒன்றையும் தான் யோசிக்கவில்லை என்பதையும் அவளால் மறுக்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் உக்குவளைக் கடையொன்றில் ஒளி ஊடுருவும் சின்னப் பிளாஸ்டிக் கோப்பைகளை ஒரு கட்டாக வாங்கினாள். திங்கட்கிழமை அதிபரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் ஆய்வுகூடத்தைத் திறந்தாள். விதுஷா அன்று வந்திருந்தாள். அம்மா அனுப்பினாளா, அவளே பிடிவாதம் பிடித்து வந்தாளா தெரியவில்லை. நடுவாங்கில் உட்கார்ந்திருந்தவள் டீச்சரின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு யாரும் யாருக்காகவும் துப்பப் போவதில்லை, எல்லோரும் அவரவர் கோப்பையில் அவரவரே செய்ய வேண்டும், செய்யாதவர் வெளியே போகலாம் என்றாள் துஷாரா. கோப்பைகளில் பெயர் எழுதவும் விடவில்லை. முதலில் தானே எல்லோர் முன்னாலும் ஒன்றில் துப்பிக் காட்டினாள். பிறகு பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்று வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டு வந்தார்கள். அவள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் கஞ்சியை ஊற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீர் இருந்த பெரிய தட்டில் வரிசை கலைத்து அடுக்கினாள்.

அழகர்சாமி அன்று விளையாட்டுப் போட்டி விஷயமாக அதிபரைப் பார்க்க வந்திருந்தார். குழாயடி வரிசை அதிபர் அறைச் சன்னலுக்கு நேர் எதிரே. கோப்பையோடு நின்ற தன் மகனைக் கண்டதும் எழுந்து வந்துவிட்டார். அதிபர் பின்னால் ஓடி வந்தார்.

"எம் மவனோடதை வெளிய எடுங்க," என்றார் வாசலில் நின்று.

"எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது," என்றாள் துஷாரா.

அதிபர் நிறுத்தச் சொன்னார். அவள் காதில் வாங்காமல், சூட்டில் வைக்க வேண்டிய நேரம் கழிந்ததும் அயடீன் போத்தலை எடுத்து ஒவ்வொரு கோப்பையிலும் சொட்டு விட்டுக்கொண்டே போனாள். கோப்பைகள் எல்லாம் மஞ்சள் கபிலமாக நின்றன. அவளுடையது, விதுஷாவுடையது, பின்வாங்கில் இருந்து பேசினவனுடையது, எல்லாம் ஒரே நிறம். ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் குப்பென்று கருநீலமானது.

அழகர்சாமி அதைச் சுட்டிக்காட்டினார். "இது மட்டும் ஏன் கறுத்துப் போச்சு? இது யாரோடது?"

யாரை மனதில் வைத்து அவர் கேட்டார் என்பது அங்கே எல்லோருக்கும் விளங்கியது. விதுஷா தலையை நிமிர்த்தி நேராக அவரைப் பார்த்தாள்.

"அதுல எச்சிலே இல்ல. வெறும் பச்சைத் தண்ணி," என்றாள் துஷாரா. "யாரோ குழாயில பிடிச்சுக்கிட்டு வந்து என்னை ஏமாத்தியிருக்காங்க."

ரமணன் எழுந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. "என்னோடது. நீங்கதானேப்பா துப்பக் கூடாதுன்னு சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அழகர்சாமி மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நடையில் இரண்டு மூன்று வகுப்புகளின் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏமாத்தியிருக்காங்க என்று சொன்ன கணத்தில் துஷாராவுக்கு இனித்தது உண்மை. கதவுக்கு வெளியே போகும்போது அந்தப் பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வீட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இரண்டு பக்கச் சொல்லையும் கேட்கப் பார்த்து இரண்டு பக்கமும் அடி வாங்கியவனின் பார்வை அது. அதன்பிறகு அந்த இனிப்பு அவளிடம் நிற்கவில்லை.

அதிபர் ஆய்வுகூடத்துச் சாவியை அன்றே வாங்கிக்கொண்டார். விளக்கம் கேட்டார், கொடுத்தாள். தரம் எட்டை அடுத்த தவணையில் வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொடுக்க ஆள் கிடைக்காததால் அவளிடமே இருந்தது. அழகர்சாமி மகனைக் கண்டிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றப் போவதாகக் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ரமணன் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து அதே வாங்கில் உட்கார்ந்தான். அவனும் விதுஷாவும் பேசிக்கொள்ளவில்லை. சங்கக் கூட்டங்களில் துஷாரா உட்காரும் வரிசையில் அழகர்சாமி உட்காருவதில்லை. அவளும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை.

தவணை முடிவில் மகளின் தேர்ச்சி அறிக்கையை வாங்கக் கமலாட்சி வந்தாள். மற்றப் பெற்றோர் போகும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு மேசைக்கு வந்தாள். முகத்தில் சிநேகம் ஒன்றும் இல்லை. அறிக்கையில் விஞ்ஞானப் புள்ளியைப் பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இனிமே அவளை முதல்ல கூப்பிடாதீங்க டீச்சர்."

"கூப்பிட மாட்டேன்," என்றாள் துஷாரா.

"கடைசியாவும் கூப்பிடாதீங்க. வரிசையில அவ முறை வர்றப்ப கூப்பிடுங்க."

துஷாரா சரி என்று தலையை ஆட்டினாள். கமலாட்சி குடையை விரித்துக்கொண்டு, போயிட்டு வாறேன் என்றும் சொல்லாமல், மழைக்குள் இறங்கி நடந்தாள்.