ஈஸ்வரி ஓட்டிவிட்ட கிடாய்

பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் அருகம்புல் மாலை விற்கிற ஈஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவோடு கிடந்த அந்த வாயை மேடை ஏற்றிய புண்ணியவான், ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் வீரபாண்டியன்.

லஞ்ச ஒழிப்பு மசோதா சட்டசபையில் இழுபறியாகக் கிடந்த நேரம். லஞ்சம் கொடுத்ததாகச் சொல்ல ஒரு ஆளையாவது காட்டுங்கள் பார்ப்போம் என்று எதிர்க்கட்சி சவால் விட்டிருந்தது.

"அக்கா, ஒங்களுக்குப் பட்டா எப்புடி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்," என்றார் வீரபாண்டியன்.

ஈஸ்வரி புது ரவிக்கை தைத்துக்கொண்டாள். குடியிருக்கிற புறம்போக்கு மனைக்குப் பட்டா கேட்டு ஆறு வருஷம் அலைந்ததையும், அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட கிடாயை சர்வேயர் மெய்யநாதன் வீட்டுக் காதுகுத்துக்கு ஓட்டிவிட்ட பிறகே அது கைக்கு வந்ததையும் காரைக்குடிக் கூட்டத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். கிடாய் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்ததாம். சனம் சிரித்த சிரிப்பில் உற்சாகமாகி, லேமினேட் செய்த பட்டாவையும் தூக்கிக் காட்டினாள். அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. ஒரு வாரத்துக்கு அவள் நடையே வேறு.

எதிர்க்கட்சி இறங்கிவந்தது. ஒரே ஒரு பிரிவைச் சேர்த்தால் ஆதரவாம்: கொடுத்தவரும் குற்றவாளி, கொடுத்துப் பெற்றது எப்போது பெற்றதானாலும் செல்லாது. இரண்டு பக்கமும் மேசையைத் தட்டி நிறைவேற்றினார்கள். ஈஸ்வரி தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். வேண்டாமென்ற வீடில்லை.

பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. பட்டா ரத்து, மனை அரசுக்கு. வீரபாண்டியனிடம் ஓடினாள்.

"தம்பி, வீடு போகுதே. நீங்கதான சொல்லச் சொன்னீக?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானக்கா," என்றார், செல்லைப் பார்த்தபடியே.

"கிடாய வாங்குனவருக்கு?"

"அவரு வாங்கவே இல்லங்கிறாரு. குடுத்ததுக்கு ஒங்க வாயே சாட்சி. வாங்குனதுக்கு யாரு இருக்கா?"

அந்தக் காதுகுத்துப் பந்தியில் ரெண்டாம் தடவை கறி கேட்டு வாங்கியவர் இவர் என்பது தெருவுக்கே தெரியும்.

மறுநாள் மனையை அளக்க வந்தது மெய்யநாதனேதான். துணைக்கு ஆளில்லை.

"டேப்போட அந்த முனையக் கொஞ்சம் புடிங்கம்மா."

பிடித்தாள். அடுப்படிவரை அளந்தாயிற்று. நல்ல வெயில். பழக்கமோ, நப்பாசையோ, உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

மெய்யநாதன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இனிமே இதெல்லாம் வாங்கப்படாதும்மா. சட்டம் வந்துருச்சுல்ல."