ஏழாவது வீட்டு மோட்டார்

காலை ஆறு பத்துக்குத் தண்ணீர் வந்தது. ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும், ஒன்றரை மணி நேரம் ஓடும். சூரமங்கலத்தின் அந்தச் சந்தில் பதினான்கு வீடுகள்.

அஃபீபா பத்து லிட்டர் பெயிண்ட் பக்கெட்டை முதல் வீட்டுக் குழாயின் கீழ் வைத்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எட்டு வயதுத் தங்கை அர்ஃபாவின் கையில் அம்மாவின் போன். அதில் நொடிகள் ஓடின.

"ரொம்பிருச்சு. நாப்பத்தெட்டு."

அம்மா ஷாஜாதி நோட்டோடு பின்னால் நடந்தாள். இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில்தான் படிப்பு. போன மாதம் தோசை மாவு எந்த மணிக்கு எவ்வளவு பொங்குகிறது என்று அளந்தார்கள். இந்த மாதம் தண்ணீர்.

ஆறாவது வீடு வரை பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. ஏழாவது அவர்கள் குடியிருக்கும் வீடு. கீழே வீட்டுக்காரர் கரீம் பாஷா, பூண்டு மண்டிக்காரர். மாடியில் இவர்கள். அங்கே வாசலில் குழாய் இல்லை. தண்ணீர் நேராக மேல் தொட்டிக்கு ஏறிவிடும். அதைத் தாண்டி எட்டாவது வீட்டில் வைத்தார்கள். மூன்றரை நிமிஷம். கடைசி வீடான சின்னாயி வீட்டில் பதினொரு நிமிஷம் ஆகியும் பாதி பக்கெட்தான்.

"உங்க பாடம் முடியறதுக்குள்ள எங்கூட்டுத் தண்ணி நின்னு போயிரும் சாமி," என்றாள் சின்னாயி. "பக்கெட்டை எடு, குடத்தை வைக்கிறேன்."

வீட்டுக்கு வந்து அஃபீபா கட்டம் போட்ட தாளில் புள்ளிகள் வைத்துக் கோடு இழுத்தாள். ஆறு புள்ளிகள் தரையோடு போயின. அப்புறம் கோடு செங்குத்தாக ஏறியது.

"ஏழுல என்னமோ இருக்கு," என்றாள் அர்ஃபா.

"மோட்டார் இருக்கு," என்றாள் அஃபீபா.

ஷாஜாதிக்குத் தெரியும். தண்ணீர் வரும் நாளில் மாடிப்படிக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்கும். நான்கு வருஷமாகக் கேட்கிறாள். யாருடைய தண்ணீர் என்று யோசித்ததும் உண்டு. யோசித்துக்கொண்டே குழாயைத் திறந்ததும் உண்டு.

"அதான் தெரிஞ்சிருச்சே. வேற பாடம் பாப்போம்."

"தெரியலம்மா. அந்த இடத்துல பைப்பு அடைச்சிருக்கலாம். மோட்டாரை நிறுத்திட்டு ஒருக்கா அளந்தாத்தான் தெரியும்."

உப்புப் போட்ட மாவு ஒரு பாத்திரம், போடாத மாவு ஒரு பாத்திரம் என்று, ஒன்றை மட்டும் மாற்றி அளந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தவளே ஷாஜாதிதான்.

லாரியில் நாக்பூர் போயிருந்த கணவன் இம்தியாஸிடம் போனில் சொன்னாள்.

"அளக்கறதுக்கு வேற தெருவே கெடைக்கலையா உனக்கு?"

"இந்தத் தெருவுலதான குடியிருக்கோம்."

"காலி பண்ணச் சொல்லிட்டா?"

"சொல்லட்டும்."



"பிள்ளைங்கள ஸ்கூல்லருந்து எடுத்தப்பவே நெனச்சேன்," என்றான். "ஒருநாள் நீ நம்ம எல்லாரையும் வீட்டுலருந்தும் எடுத்துருவேன்னு."

ஐந்தாம் நாள் தண்ணீர் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் பக்கெட்டோடு சின்னாயி வீட்டுக்குப் போய் நின்றார்கள். ஷாஜாதி படியிறங்கி வந்து சுவிட்சை அணைத்தாள். சந்து அமைதியானது. கொஞ்ச நேரத்தில் கடைசி வீட்டிலிருந்து அர்ஃபாவின் குரல் வந்தது.

"ரொம்பிருச்சு. ஒரு நிமிஷம் அம்பது."

மறுபடி அளந்தார்கள். ஒன்று ஐம்பத்திரண்டு.

கரீம் பாஷா தோளில் துண்டோடு வெளியே வந்தார்.

"கரண்டு போச்சா?"

"இல்லண்ணே. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"பிள்ளைங்க பாடம்."

அவர் சந்தின் கடைசிவரை பார்த்தார். அஃபீபா தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலைந்து குடங்கள் வந்து சேர்ந்திருந்தன.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, அனுப்புன்னு எத்தனை தடவை சொன்னேன். அங்க போயிருந்தா, மழைநீரைச் சேமிப்போம்னு நாலு படம் வரைஞ்சுட்டுப் பேசாம இருந்திருக்கும்."

"ஆமாண்ணே. அதனாலதான் எடுத்தேன்."

"நக்கலா? நீயும் அதே தண்ணியிலதான குளிக்கிறே?"

"நாலு வருஷமா குளிச்சிருக்கேன். பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன். அதையும் எழுதிக்கிட்டாங்க."

"அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிரு. இப்ப சுவிட்சைப் போடு."

ஷாஜாதி சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். நகரவில்லை. சின்னாயி இடுப்பில் காலிக் குடத்தோடு வாசலுக்கு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் எட்டாவது வீட்டுக்காரி சரிதா. பிள்ளைகள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"காலி பண்ணிடறோம்," என்றாள் ஷாஜாதி. "சுவிட்சையும் போடறேன். சின்னாயி அக்காவுக்கு இன்னும் மூணு குடம் பிடிக்கணும், இங்கதான் நிக்கறாங்க. போடலாமான்னு அவங்களை நீங்களே ஒரு வார்த்தை கேட்டுருங்களேன் அண்ணே?"