நந்தனா, டி.ஏ.எஃப்.

நந்தனாவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு பேப்பர்தான் பாக்கி. நிதி மேலாண்மை. அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ் டிப்ளமாவில் மற்றதெல்லாம் கரையேறிவிட்டது, இந்தச் சனியன் மட்டும் போன தடவை காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் போனால் இன்னும் ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டும். பாஸானதும் வா, வேலை தருகிறேன் என்று சொன்ன மார்த்தாண்டத்து ஆடிட்டர் அதுவரைக்கும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டா இருப்பார்?

அதனால் வீடே அவளோடு சேர்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சவூதிக்காரர் புது மாடிக்கு டைல்ஸ் அறுக்க ஆரம்பித்ததும், அந்த மெஷின் அலறலில் பிள்ளை என்ன படிக்கும் என்று அப்பா சுயம்புராஜ்தான் முதலில் கொதித்தார். வாழைக்குலை இறக்கிய கையோடு லோடு ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு போய், சிதறாலில் தன் தங்கை சண்முகவடிவு வீட்டில் விட்டார். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை, மாமா குவைத்தில். படிக்க அதைவிட அமைதியான இடம் ஏது?

புதன்கிழமையிலிருந்து அத்தை ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. கேட்டால் மெட்ராஸ் ஐ, கிட்ட வராதே என்றாள். நந்தனாவின் போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள், பரீட்சை முடிகிறவரை தரமாட்டேன் என்று. தினமும் சாயங்காலம் கூப்பிடுகிற அப்பா கூப்பிடவில்லை. அத்தையின் போனில் அம்மாதான் பேசினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"அப்பா லோடு கொண்டு தூத்துக்குடி போயிருக்காவ மக்கா. போனு தண்ணியில விழுந்து கெட்டுப்போச்சு. நீ படி, கேட்டியா? எனக்கு ஜலதோஷம், தொண்ட கட்டியிருக்கு."

நேற்று ஹால் டிக்கெட் வாங்க நாகர்கோவிலுக்குப் போனபோதும் பஸ் வேண்டாம் என்று சொல்லி, அத்தை தன் ஸ்கூட்டியில் கால்வாயை ஒட்டிய சானல்கரை வழியாகச் சுற்றிச் சுற்றி மார்த்தாண்டம் கொண்டுபோய், அங்கிருந்து கூடவே வந்தாள். மெயின் ரோட்டைப் பைப் போடத் தோண்டிப் போட்டிருக்கிறார்களாம். நந்தனா எல்லாவற்றையும் நம்பினாள். ஒர்க்கிங் கேபிட்டல் தலைக்குள் குடியிருக்கும்போது வேறு எதற்கு இடம் இருக்கும்? சாயங்காலம் அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, "பேபேக் பீரியடுன்னா என்ன, சொல்லு பாப்பம்" என்று கேட்டாள். இவள் சொன்னாள். அத்தை சிரித்தாள்கூட.

காலையில் பார்த்தால் ஸ்கூட்டி பஞ்சர். அத்தைக்கு முகமே வெளிறிவிட்டது.

"நான் போய் ஆட்டோ பிடிச்சிட்டு வாறேன். நான் வராம நீ எங்கயும் போவாண்டாம், கேட்டியா?"

போன அத்தையைக் காணோம். மார்த்தாண்டம் பஸ் வளைவில் வருகிற சத்தம் கேட்டது. இதை விட்டால் நாகர்கோவில் போய்ச் சேர நேரமாகிவிடும் என்று நந்தனா பையை எடுத்தாள். எதிர்வீட்டு ராகேல் அக்காவிடம், "அத்தைகிட்ட நான் பஸ்ல போயிட்டேன்னு சொல்லிருங்கக்கா" என்று கத்திவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ராகேல் அக்கா வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ சொன்னதை, ஆல் தி பெஸ்ட் என்று எடுத்துக்கொண்டாள்.

வழியில்தான் அவளுடைய ஊர். பஸ் ஜங்ஷனில் நின்றது. அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்துவிட்டாரா, லோடு ஆட்டோ ஸ்டாண்டில் கிடக்கிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அப்பா கரண்டு கம்பத்தில் நின்றார். கதவு அளவுக்கு, நெற்றியில் சந்தனத்தோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

அந்தப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் வைக்க ஒரு காரணமா வேண்டும்? பிறந்தநாளுக்கு வைப்பார்கள், காதுகுத்துக்கு வைப்பார்கள், கட்சியில் வட்டப் பொறுப்பு கிடைத்தால் வைப்பார்கள். நந்தனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு யார் என்ன பதவி கொடுத்தது? பிறகுதான் அப்பாவின் இரண்டு பக்கமும் எரிகிற விளக்குகளைப் பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை வாசித்தாள். கண்ணீர் அஞ்சலி. திரும்ப வாசித்தாள். எழுத்து மாறவில்லை. புதன்கிழமைத் தேதி போட்டிருந்தது. கீழே, துயரத்தில் வாடும் மனைவி தாணம்மாள், மகன் விபின் (துபாய்), மகள் நந்தனா, டி.ஏ.எஃப்.

இன்னும் வாங்காத டிப்ளமாவைப் பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அவள் இந்த ஜங்ஷனில் அப்பாவுக்காகத் துயரத்தில் வாடிக்கொண்டிருந்தாள். ஊருக்கே தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

மடியிலிருந்த பை விழுந்ததும், படிகளில் இறங்கியதும், ரோட்டில் நின்றதும் வேறு யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்தார், ஃப்ளெக்ஸைப் பார்த்தார், விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

டீக்கடை நேசம்மாள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"மக்கா... நீ எதுக்குப் பிள்ளே இந்த பஸ்ல வந்த?"

தப்பு பஸ்ஸின் மேல்தான் என்பதுபோல் கேட்டாள். ஏனென்றால் மற்றதெல்லாம் கட்டுக்கோப்பாகத்தான் நடந்திருந்தது. புதன்கிழமை விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுயம்புராஜ் சாய்ந்ததும், அழுகையை நடுவிலேயே நிறுத்திவிட்டு தாணம்மாள் ஜங்ஷன் முழுக்கச் சொல்லி அனுப்பினாள், பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கிறவரை ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது என்று. ஒருத்தரும் விடவில்லை. ஒரு ரகசியத்தை ஒரு டீ ஆறும் நேரம்கூட வாயில் வைத்திருக்கத் தெரியாத நேசம்மாளே விடவில்லை. ஆனால் ஊர் கிளப் பையன்களுக்கு, ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு சாவா? சுயம்புராஜ் தன் மச்சான் கல்யாணத்தில் எடுத்துக்கொண்ட நல்ல படமாகத் தேடி, பாசத்தோடு பட்டத்தையும் சேர்த்து அடித்துக் கட்டிவிட்டார்கள். அடக்கத்துக்குள் அவள் பரீட்சை எழுதி முடித்திருப்பாள், அவளைத்தான் சானல்கரை வழியாகக் கொண்டுபோகிறார்களே என்று விட்டுவிட்டார்கள். பஸ்ஸுக்கு ஜன்னல் உண்டு என்பது ஊரில் ஒரு மண்டைக்கும் தோன்றவில்லை.

"அப்பா எங்க?" என்றாள் நந்தனா.

"ஆஸ்பத்திரியில மக்கா. ஐஸ்ல வச்சிருக்கு. உங்க அண்ணன் வரணும்லா. சாயங்காலம் பிளைட்டு."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு அன்னைக்கு விடியுமுன்னமே சொல்லியாச்சு. டிக்கெட்டு எடுக்கணும்லா."

நந்தனா ஃப்ளெக்ஸில் இருந்த விபின் பெயரைத் திரும்பப் பார்த்தாள். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு விடியுமுன்னமே. கூப்பிடு தூரத்தில் இருக்கிறவளுக்கு ஜலதோஷம், தூத்துக்குடி, மெட்ராஸ் ஐ.

ஆட்டோ ஒன்று பாய்ந்து வந்து நின்றது. அத்தை குதித்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. கண் இரண்டும் வீங்கிப் பிதுங்கியிருந்தன. நந்தனாவின் கையைப் பிடித்து பஸ் பக்கம் இழுத்தாள்.

"ஏறு பிள்ளே. நேரம் இருக்கு. எழுதிட்டு வந்து அழுவு. உனக்க அப்பா எவ்வளவு ஆசப்பட்டாவ."

"ஏறு மோளே" என்றார் கண்டக்டர். "மார்த்தாண்டத்துல நாகர்கோவில் வண்டிய நான் சொல்லி நிறுத்துகேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள், எல்லோருடைய கண்ணும் அவளை ஏறு ஏறு என்றன. எல்லோருமே நல்லவர்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சொல்லியிருந்தா எழுதியிருப்பேன் அத்தே" என்றாள். "ஒரு தடவ அப்பா முகத்தப் பாத்துட்டு, அழுது முடிச்சிட்டு, போய் எழுதியிருப்பேன். அப்பாவுக்காவண்டி எழுதியிருப்பேன். இப்ப எனக்கு ஒண்ணும் ஓர்மையில்ல. எனக்க பேரு கூட அந்தப் போர்டப் பாத்துத்தான் சொல்லணும்."

அத்தையின் பிடி தளர்ந்தது. நந்தனா அந்தக் கண்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். செத்துக் கிடப்பது இவளுடைய கூடப்பிறந்தவன் அல்லவா? மூன்று நாளாக இவள் தோசை சுட்டாள், ஸ்கூட்டி ஓட்டினாள், பேபேக் பீரியட் கேட்டாள்.

"அத்தே, நீங்க போய்ப் பாத்தியளா அப்பாவ?"

அத்தை தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"நான் எப்பிடி மக்கா போவேன்? போனா நீ கேப்பியே, எங்க போறன்னு."

சொல்லி முடிக்கவில்லை. "அண்ணா" என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூடக் கையை நிறுத்தினான். ரோட்டிலேயே மடிந்து உட்கார்ந்தாள்.

நந்தனா குனிந்து அவளுடைய அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். பின்னால் விசில் கேட்டது, பஸ் கிளம்பிப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தையை முதலில் ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறி, அந்தத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே" என்றாள். "அண்ணன் வாறதுக்கு முன்ன நாங்க பாக்கணும்."